மலையகத்தில் ஒரு விசேஷம்: கலைகிற நேரத்திலிருந்து திட்டமிடுங்கள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு விசேஷம் குழம்பிப்போனால் பழி முதலில் மழைமேல் விழும், அடுத்து சமையல்காரர்மேல். விசாரித்துப் பார்த்தால் பல வேளைகளில் காரணம் வேறாக இருக்கும். ஆரம்பிக்கிற நேரத்தை ஐயரிடம் கேட்டு, அச்சகத்தில் கொடுத்து, தங்க எழுத்தில் போட்டிருப்பார்கள். முடிகிற நேரத்தை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மூன்றரை மணிக்கு மூட்டம் இறங்கத் தொடங்கும், கடைசிப் பந்தி இன்னும் உட்கார்ந்தே இருக்காது. மஸ்கெலியாவுக்குப் போகவேண்டியவர்கள் இலையைப் பார்ப்பதா, பஸ்ஸைப் பார்ப்பதா என்று தவித்துக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணம், சடங்கு, வீடு குடிபுகுதல், பழைய மாணவர் ஒன்றுகூடல், நூலகத் திறப்பு என்று 100 முதல் 500 பேர் வரை கூடுகிற நிகழ்ச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். தேர்த் திருவிழா வேறு கணக்கு. அதைக் கோயில் கமிட்டி பார்த்துக்கொள்ளும், சண்டையையும் சேர்த்து.

முதல் வேலை: கலைகிற நேரத்தை எழுதுங்கள்

ஒரு கடதாசியை எடுத்து அதன் அடியில், மேலே அல்ல, கடைசி விருந்தாளி மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தைத் தீர்மானிப்பவர் மிகத் தூரத்திலிருந்து வருகிறவர். டவுனுக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்து, இறங்கிய பிறகு மலைமேல் நடக்கவேண்டிய ஒருவர் இருப்பார். அவருக்கு ஏற்றபடி நேரம் வைத்தால் மற்ற எல்லோருக்கும் சரியாகிவிடும்.

இனி மேல்நோக்கிக் கணக்குப் போடுங்கள். தலவாக்கலையில் ஒரு கல்யாணம், 400 பேர், மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் ஒரே நேரத்தில் 100 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். உட்காருவது, பரிமாறுவது, சாப்பிடுவது, இலை எடுப்பது, மேசை துடைப்பது எல்லாம் சேர்த்து ஒரு பந்திக்கு அரை மணி நேரம். நான்கு பந்திக்கு இரண்டு மணி நேரம். மூன்று மணிக்கு எல்லோரும் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு மணிக்குள் சாப்பாடு முடியவேண்டும், அதற்கு முதல் பந்தி 12 மணிக்கு உட்காரவேண்டும். அப்படியானால் 11 மணிக்குள் தாலி கட்டி முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் புகைப்படக்காரர் ஒரு மணி நேரத்தை விழுங்குவார். ஐயர் பதினொன்றரைக்கு முகூர்த்தம் சொன்னால் வேறு நாள் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தில் நாளுக்குப் பஞ்சமில்லை.

இந்த ஒரு கடதாசிதான் பிற்பாடு எல்லா வாக்குவாதங்களையும் தீர்க்கும். இன்னொரு நடனம் சேர்க்கலாமா, இன்னொருவரைப் பேச அழைக்கலாமா என்று யாராவது கேட்டால் கடதாசியைக் காட்டுங்கள்.

திகதி: இரண்டு மழையையும் பார்க்கவேண்டும்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் என்று நினைத்துத் திகதி வைப்பவர்கள் கொழும்பிலிருந்து வந்து நடத்துகிறவர்கள் மட்டுமல்ல. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழைக்கு முகம் கொடுத்து நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே பந்தல் போடுவது வீண் வேலை. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் காற்றுத்தான் அடிக்கும். அவர்களுக்கு மழை வடகீழ்க் காற்றோடு டிசம்பர், ஜனவரியில் வரும். இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இடிக்கும். காலை நிகழ்ச்சிக்கு மார்ச் நல்ல மாதம், மாலை நிகழ்ச்சிக்கு அல்ல. ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவு பயமும் சேர்ந்துகொள்ளும். மாப்பிள்ளை ஹட்டன், பெண் பதுளை என்றால் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை பார்ப்பது இரு வீட்டாருக்கும் நியாயம்.

மழைக்கு அடுத்தபடி நாட்காட்டி. ஆடியும் மார்கழியும் நம்மவர்கள் தாமாகவே தவிர்ப்பதால், தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் மண்டபங்களுக்கு அடிபிடி. முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம். அறை வாடகை ஏறும், நகருக்குள் வண்டி நகராது. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். வார இறுதிகளிலும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போகும் வீதி யாத்திரிகர் வண்டிகளால் நிரம்பியிருக்கும். கண்டியில் எசல பெரஹரா நடக்கும் நாட்களில் மாலையில் நகர வீதிகளை மூடுவார்கள்.

போயா விடுமுறை நாள்தானே, எல்லோரும் வருவார்கள் என்று நினைத்து வைப்பார்கள். அன்று இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும். மரக்கறிச் சாப்பாடு போடுகிற கல்யாணத்துக்குப் போயாவைப்போல நல்ல நாள் கிடையாது. ஆனால் கோழி புரியாணி என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போயாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண தரம், உயர்தரம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைகளின் அட்டவணையையும் பாருங்கள். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி வைப்பது அனுமதிச் சிக்கல் மட்டுமல்ல, பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு)ப் பிள்ளையின் வயிற்றெரிச்சலும்கூட.

கடைசியாக, சம்பளம். தோட்டத்தில் மாதச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அதற்கு முந்திய வாரத்தில் விசேஷம் வைத்தால் வருகிறவர்கள் கடன் வாங்கி மொய் எழுதவேண்டியிருக்கும், அல்லது அதற்காகவே வராமல் இருந்துவிடுவார்கள். பத்தாம் திகதிக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்து உறவினர்களுக்கு ஏற்றது. வேலை நாளில் வைத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். அன்று கைவிட்ட சம்பளத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நினைவில் இருக்கும்.

இடத்தைப் போய்ப் பாருங்கள், அதே நேரத்தில்

நிகழ்ச்சி பிற்பகல் இரண்டு மணிக்கு என்றால் இடத்தையும் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்க்கவேண்டும், முடிந்தால் மழை பெய்கிற நாளில். தகரக் கூரை மண்டபத்தில் மழை அடிக்கும்போது நின்று பக்கத்திலிருப்பவரோடு பேசிப்பாருங்கள். காதில் விழாது. ஒலிபெருக்கியை எங்கே வைப்பது, பேச்சுகளை எப்போது முடிப்பது என்ற கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

தோட்டத்து மைதானத்தில் பந்தல் என்றால் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். மேல் பக்கத்தில் ஒரு சிறிய கான் வெட்டிவிட்டால் பந்தலுக்குள் சேறு வராது. தறப்பாளைச் சாய்வாகக் கட்டச் சொல்லுங்கள். நடுவில் தொய்ந்த தறப்பாளில் தேங்கும் தண்ணீர் எந்த நேரத்தில் யார் தலையில் கொட்டும் என்று சொல்லமுடியாது. புல்தரை என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். பட்டுச்சேலைக்காரர்களுக்கு நடைபாதையில் ஏதாவது விரித்துவிடுங்கள்.

யாரும் பார்க்காத ஒன்று குளவிக்கூடு. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி நமக்குப் பழகிப்போனது. ஆனால் விசேஷ வீட்டில் அதை நினைப்பதில்லை. மைதானத்தைச் சுற்றியுள்ள உயரமான மரக்கிளைகள், பாறை விளிம்பு, பழைய கட்டடத்தின் கூரைமுகடு ஆகியவற்றை அண்ணாந்து பாருங்கள். கூடு தெரிந்தால் அடுப்புப் புகை அந்தப் பக்கம் போகக்கூடாது, பட்டாசு கூடவே கூடாது. அதைவிட நல்லது இடத்தை மாற்றுவது. நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஆள் ஏற்றிக் கூட்டைக் கலைக்க நினைப்பது எல்லாவற்றிலும் மோசமான யோசனை.

கழிவறையையும் தண்ணீர்த் தாங்கியையும் கையோடு பாருங்கள். வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரிய பஸ்ஸைத் தோட்டத்து வீதிக்குள் விட்டு, திருப்ப இடமில்லாமல் கிலோமீட்டர்க் கணக்கில் பின்னால் எடுத்த கதை எந்தத் தோட்டத்திலும் ஒன்று இருக்கும்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் அபாயமுள்ள இடத்தைவிட்டு வெளியேறு என்று பொருள். மஞ்சளிலேயே ஒத்திவைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையையும் வீதிகளையும் உடைத்துப்போட்டதையும் பார்த்தோம். அச்சடித்த அழைப்பிதழ் வீணாகிறதே என்ற தயக்கத்தில் ஒரு விசேஷத்தை நடத்தக்கூடாது. மாற்றுத் திகதியையும் மண்டபம் பதிவு செய்யும்போதே பேசி, முற்பணம் அந்தத் திகதிக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுமதிகள்

இதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. தோட்டக் காணியிலோ தோட்டத்துக் கட்டடத்திலோ நடத்தினால் நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்கவேண்டும். துரை (தோட்ட நிர்வாகி) தலையாட்டினார் என்பது அனுமதி ஆகாது, அவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போகலாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. ஆகவே இரவுக் கச்சேரி வைப்பவர்கள் முன்னதாகவே பொலிஸில் பேசித் தெளிவாகிக்கொள்ள வேண்டும். கடிதங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தால் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பில் தூங்காது. பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள்.

கடிதம் தேவைப்படாத அனுமதிகளும் உண்டு. தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவி, கோயில் கமிட்டி ஆகியோருக்கு முதலில் சொல்லவேண்டும். தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கம் இருந்தால் எல்லாத் தலைவர்மாருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். ஒருவருக்கு ஞாயிறு, இன்னொருவருக்குச் செவ்வாய் என்றால் விசேஷத்தில் அரசியல் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

அழைப்பிதழில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது

ஒரு தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, நடுப்பிரிவு என்று பல பிரிவுகள் இருக்கும். அவற்றுக்கிடையே நடந்தால் ஒரு மணி நேரம் ஆகலாம். பிரிவின் பெயர், பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம், அங்கிருந்து நடக்க எவ்வளவு நேரம், ஆட்டோ கிடைக்குமா என்ற நான்கையும் அழைப்பிதழில் போடுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் கலையும் நேரத்தையும் போடுங்கள். அது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் சொல்லலாம். பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரர்களும் நன்றி சொல்வார்கள்.

லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாத இடங்களில் தபால் தோட்டத்து அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. அதை நம்பாமல் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டிய வீடுகளின் பட்டியல் தனி. தாய்மாமனுக்கு முன் பங்காளிக்குப் போனதா, பங்காளிக்கு முன் சம்பந்திக்குப் போனதா என்பதில்தான் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வராமலிருப்பார்கள். வீட்டில் மூத்த பெண்மணியிடம் அந்த வரிசையை ஒப்படையுங்கள். ஆண்களுக்கு இது ஞாபகம் இருப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது நினைவூட்டலுக்கு மட்டும். ‘குடும்பத்துடன் வருக’ என்று எழுதினால் குடும்பத்துடன்தான் வருவார்கள். எத்தனை அழைப்பிதழ் என்று எண்ணாமல் எத்தனை தலை என்று எண்ணுங்கள்.

சமையல்: உயரத்தில் அடுப்பு வேறு மாதிரி நடக்கும்

சிலாபத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ சமையல்காரரை அழைத்துவரும் குடும்பங்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு ஏற்றினாலும் அதற்குமேல் தண்ணீர் சூடாகாது. அதனால் பருப்பும் கடலையும் சோறும் வேக அதிக நேரம் பிடிக்கும். வந்த சமையல்காரர் கிடாரத்தில் பருப்பைக் கிண்டிக் கிண்டி, விரலிடையில் நசுக்கிப் பார்த்து, பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார். பருப்பில் குறை இருக்காது. கடலையையும் பெரிய பருப்பையும் முதல் நாள் இரவே ஊறவையுங்கள், மூடி இறுக்கமாக உள்ள பாத்திரம் பயன்படுத்துங்கள், அடுப்பை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக மூட்டுங்கள்.

எரிவாயு சிலிண்டரிலிருந்து குளிர்ந்த விடியற்காலையில் பெரிய அடுப்புக்குப் போதிய வேகத்தில் வாயு வராது. விறகு அடுப்பையும் தயாராக வைத்திருங்கள். விறகை இரண்டு வாரம் முன்னதாகவே கூரைக்குள் அடுக்கிவிடவேண்டும். மழையில் நனைந்த விறகோடு விடியற்காலை நான்கு மணிக்கு மல்லுக்கட்டுகிறவரிடம் ருசி எதிர்பார்க்கக்கூடாது.

அளவுகளுக்கு வருவோம். 100 பேருக்கு 12 கிலோ அரிசி சரியாக இருக்கும். மலையேறி நடந்து வருகிற கூட்டம் என்றால் இன்னும் இரண்டு கிலோ சேருங்கள். குளிரில் பசி கூடும். வந்தவுடன் தேநீர் கொடுப்பதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 100 கோப்பைக்கு 15 லீற்றர் தண்ணீர், கால் கிலோ தேயிலை, ஒரு கிலோ சீனி, பால்தேநீர் என்றால் 400 கிராம் பால்மா நான்கு பைக்கற்று. தேயிலை விளையும் ஊரில் சாயம் வடிந்த தேநீர் கொடுத்தால் அதைப் பத்து வருடம் பேசுவார்கள்.

குளிர்தானே, சாப்பாடு கெடாது என்ற நம்பிக்கை ஆபத்தானது. பெரிய கிடாரத்தில் மூடிவைத்த சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி பெருக அதுவே வசதியான சூடு. சமைத்ததை ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்திருங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே தடவையில் சமைக்காமல் இரண்டு உலையாகப் பிரித்துக்கொண்டால் கடைசிப் பந்திக்காரர்களுக்கும் சூடாகக் கிடைக்கும்.

வண்டியும் சாரதியும்

கண்டியிலிருந்து நுவரெலியா சுமார் 77 கிலோமீட்டர்தான். ஆனால் வண்டியில் இரண்டரை மணி நேரமாவது ஆகும், மூட்டம் இருந்தால் அதற்கும் மேல். கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்கிடும் பழக்கத்தை மலைக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும்.

கூட்டமாக வண்டி பிடிக்கும்போது வாடகையைப் பேரம் பேசுவதைப்போல, சாரதி முதல் நாள் இரவு தூங்குவாரா என்பதையும் பேசுங்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் விடியற்காலையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரவு முழுவதும் ஓட்டி விடியலில் மலையேறும் பயணத்தை எந்த விசேஷத்துக்கும் ஏற்பாடு செய்யாதீர்கள். முதல் நாளே வந்து தங்க வையுங்கள், பாய் விரித்தாவது. இந்த வீதிகளில் ஓட்டிப் பழகியவரையே தேடிப்பிடியுங்கள். சாரதிகளுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போடுங்கள். மது பரிமாறுகிற வீடு என்றால் சாரதிகளைக் கவனிக்கவென்றே ஒருவரை நியமியுங்கள்.

பணம், குறிப்பாக மொய்

வரவு செலவு எழுதும்போது மொய்யை வரவுப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மொய் வந்தால் அடைத்துவிடலாம்’ என்று நுண்கடன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மொய் என்பது நீங்கள் திருப்பி எழுதவேண்டிய தொகை, அதுவும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டி எழுதவேண்டிய தொகை. மழை பெய்தால் வருகிறவர் குறைவார்கள், மொய்யும் குறையும், வாடகையும் சமையல் கூலியும் குறையாது. கையில் உள்ளதற்குள் திட்டமிட்டு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். ஜெனரேட்டர் டீசல், கூடுதல் ஆட்டோ, உடைந்த கதிரை எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

மொய்ப் புத்தகத்தை இருவரிடம் கொடுங்கள், ஒருவர் எழுத, ஒருவர் எண்ண. பெயரோடு ஊரையும் பிரிவையும் எழுதச் சொல்லுங்கள். ‘ராமன் 1,000’ என்று மட்டும் இருந்தால் ஐந்து வருடம் கழித்து எந்த ராமன் என்று தேடமுடியாது.

மேடை

பொது நிகழ்ச்சி என்றால் பிரதம அதிதி பிந்தி வருவார். அவருக்காகக் காத்திருக்காதீர்கள். அவர் இல்லாமலேயே செய்யக்கூடியவற்றை, மாணவர் நிகழ்ச்சி, அறிக்கை வாசிப்பு, ஆசிரியர் கௌரவிப்பு ஆகியவற்றை, முதலில் வைத்து நேரத்துக்குத் தொடங்குங்கள். மங்கள விளக்கை முதலிலேயே ஊரின் மூத்தவர் ஒருவர் ஏற்றட்டும். அதற்காக எந்த அமைச்சரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொன்னாடைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துப் பேருக்குமேல் போர்த்தினால் அரை மணி நேரம் போய்விடும், பதினோராவது ஆள் எப்படியும் விடுபட்டுப் போவார்.

அன்றைய நாள்

வீட்டுக்காரர் எதையும் நிர்வகிக்கக்கூடாது. வாசலில் நின்று வணக்கம் சொல்வது ஒன்றே அவர் வேலை. எல்லாக் கேள்விகளும் போகவேண்டிய ஒருவரை நியமித்து, அவர் பெயரைச் சமையல்காரர், ஒலி அமைப்பாளர், சாரதிகள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பள்ளத்தாக்குத் தோட்டங்களில் கைத்தொலைபேசி எடுக்காத இடங்கள் உண்டு. அங்கே ஓடிப்போய்ச் சொல்ல இரண்டு இளைஞர்கள் தேவை. மண்டபத்தின் சாவி யாரிடம் என்பதை முதல் நாள் இரவே உறுதிசெய்யுங்கள். சுவரில் இரண்டு எண்களை ஒட்டிவையுங்கள்: இலவச அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

கலைந்த பிறகும் வேலை இருக்கிறது. பெரட்டுக் களத்தில் (தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் இடத்தில்) பந்தல் போட்டிருந்தால் திங்கட்கிழமை காலைக்குள் அது இல்லாமல் போகவேண்டும். மரணாதார சங்கத்திடம் வாங்கிய கதிரைகளையும் தறப்பாளையும் அன்று மாலையே எண்ணி, துடைத்து, குறைந்ததற்குப் பணம் கட்டி ஒப்படையுங்கள். ஒரு வாரம் வீட்டில் போட்டு வைத்தால் இடையில் எங்காவது ஒரு சாவு விழும், அந்த வீட்டுக்காரர்கள் கதிரை தேடி உங்கள் வாசலுக்கு வருவார்கள்.